வசூல் கணக்கைக் கேட்டதற்கு அவதூறு நோட்டீஸ்: தமிழ்நாடு சட்டத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். அரசியல் கட்சி எதிலும் இல்லை, பத்திரிகையாளரும் இல்லை. உங்களிடம் கேட்க வந்தது இரண்டு விஷயம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல காரியத்துக்கு என்று சொல்லி மேடை போட்டு டிக்கெட் விற்று பொதுமக்களிடம் பணம் வாங்குகிறவர்கள், அந்தப் பணத்தின் கணக்கைப் பொதுவில் வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்டவரை வாய் மூட வைப்பதற்காகவே போடப்படுகிற வழக்கை, ஆரம்பத்திலேயே தள்ளிவிட நீதிமன்றத்துக்கு வழி செய்கிற ஒரு சட்டம் வேண்டும். பதிவுத்துறை உங்கள் பொறுப்பில் இல்லை என்பது தெரியும். முதல் கோரிக்கையில் பாதி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் கடிதத்தில் என் ஊர் பெயர் இருக்காது, அந்த அமைப்பின் பெயர் இருக்காது, மருத்துவமனையின் பெயரும் இருக்காது. என் வக்கீல் அப்படித்தான் எழுதச் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதினாலே இன்னொரு நோட்டீஸ் வரலாம் என்ற நிலையில் நான் இருக்கிறேன் என்பதை நீங்கள் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை இன்னிசை நிகழ்ச்சி ஒன்று நடத்தியது. பெரிய ஆர்கெஸ்ட்ரா, டிவியில் பாடிப் பெயர் வாங்கிய பாடகர்கள், ஊர் முழுக்க ஃபிளெக்ஸ். அந்த ஃபிளெக்ஸில் கொட்டை எழுத்தில் இருந்த வாசகம் இதுதான்: வசூலாகும் தொகை முழுவதும் அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் கருவி வாங்க. என் சித்தப்பா வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிறவர். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் அந்தக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் கருவி காலியாகும்வரை வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும், விடியற்காலையில் கிளம்பினால் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். இன்னும் ஒரு கருவி வந்தால் எத்தனை பேருக்கு அந்தக் காத்திருப்பு குறையும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வீட்டில் எல்லோருக்கும் ஆயிரம் ரூபாய் டிக்கெட்டே எடுத்தேன். எனக்குத் தெரிந்த கடைக்காரர்களிடம் சொல்லி, நிகழ்ச்சிக்காக அச்சடிக்கும் விழா மலருக்கு விளம்பரமும் வாங்கிக் கொடுத்தேன். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் டிக்கெட்டைவிட மலர் விளம்பரத்தில்தான் பணம் அதிகம் புரளும். ஜவுளிக்கடை, நகைக்கடை, ரியல் எஸ்டேட் என்று ஒரு பக்கம் இவ்வளவு, பின் அட்டை இவ்வளவு என்று வாங்குவார்கள், அதற்கெல்லாம் தனியாக ரசீது புத்தகம் ஓடும்.

நிகழ்ச்சி முடிந்து மாதக்கணக்கில் ஆகியும் மருத்துவமனைக்குக் கருவி வரவில்லை. சித்தப்பாதான் சொன்னார். சரி, டெண்டர், அனுமதி என்று ஏதாவது தாமதம் இருக்கும் என்று நினைத்து அமைப்பினரிடம் கேட்டேன். "வேலை நடந்துட்டிருக்கு மேடம்" என்றார்கள். அப்புறம் ஒருநாள் நிகழ்ச்சியில் எடுத்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்த க்யூஆர் கோடு கண்ணில் பட்டது. அதற்குக் கீழே இருந்தது அறக்கட்டளையின் பெயர் இல்லை, ஒரு தனி நபரின் பெயர். கணக்கு எழுதுகிற எவருக்கும் அந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும். அறக்கட்டளைக்கு வந்த பணம் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். தனி ஆளின் கணக்கில் விழுந்த பணத்தை எந்தப் பேரேட்டில் தேடுவது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனியார் அறக்கட்டளையிடம் செல்லாது. அரசு மருத்துவமனையிடம் செல்லும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினேன். சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தந்தார்கள், அவர்களுக்கு நன்றி. அந்த அமைப்பிடமிருந்து கருவியும் வரவில்லை, பணமும் வரவில்லை, மருத்துவமனையின் பெயரைப் பயன்படுத்த ஒப்புதல் கேட்டு ஒரு கடிதம்கூட வந்ததாகப் பதிவேட்டில் இல்லை என்று பதில். அந்தப் பதிலையும் ஃபிளெக்ஸ் போட்டோவையும் க்யூஆர் போட்டோவையும் முகநூலில் போட்டு, மொத்த வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டேன். மோசடி என்றோ திருட்டு என்றோ ஒரு சொல் அதில் கிடையாது. யாரையும் திட்டவில்லை.

அமைப்பின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. 7 நாளுக்குள் பதிவை நீக்கு, நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேள், 50 லட்சம் ரூபாய் மான நஷ்ட ஈடு கொடு, இல்லாவிட்டால் புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கு, கூடவே சிவில் வழக்கு. போதாக்குறைக்கு, இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் அதில் இருந்தது. அந்தப் பிரிவை ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் தேதியே செல்லாது என்று தூக்கிவிட்டது. செத்துப்போன ஒரு சட்டப் பிரிவைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று ஒரு வக்கீல் நினைக்கிறார் என்றால், வாங்குகிறவருக்குச் சட்டம் தெரியாது என்ற தைரியம்தானே காரணம்? எனக்கும் அன்றைக்கு ராத்திரி அது தெரியாது. மூன்று வருஷம் ஜெயில் என்று கூகுளில் படித்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நோட்டீஸில் நான் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. வசூல் எவ்வளவு என்று அதில் ஒரு வரி இல்லை. கருவி எப்போது வரும் என்று இல்லை. எங்கள் நற்பெயர், எங்கள் பல ஆண்டுச் சேவை, எங்கள் மன உளைச்சல் என்றே போகிறது. ஒரு வரவு செலவுக் கணக்கை இணைத்து அனுப்பியிருந்தால் நானே பதிவை எடுத்துவிட்டு, இதோ கணக்கு வந்துவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருப்பேன். நோட்டீஸ் எழுத ஆன நேரத்தில் அதை எழுதி முடித்திருக்கலாம்.

அதற்கப்புறம் நான் படித்ததையும் என் வக்கீல் சொன்னதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் என் மாதிரி ஆட்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தச் சட்டம் எப்படித் தெரிகிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

அவதூறு நம் நாட்டில் இன்னும் கிரிமினல் குற்றம். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 பிரிவுகளாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புது சட்டத்தில் 356 ஆனது. இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று சொல்லிவிட்டது. நமக்கு இந்தச் சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போன இங்கிலாந்தே 2009இல் சட்டம் இயற்றிக் கிரிமினல் அவதூறைக் கைவிட்டது. பக்கத்தில் இலங்கை 2002இலேயே எடுத்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் பயமில்லை என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். சிவில் வழக்கில் அது சரி, உண்மை என்று நிரூபித்தால் போதும். கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது, அதைப் பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். சட்டத்தில் பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுக்குள் நான் வருகிறேன் என்று நிரூபிக்கிற பாரம் என் தலையில். பணத்தை வாங்கியவர் எதையும் நிரூபிக்க வேண்டாம், ரசீது புத்தகத்தைக்கூடக் கொண்டுவர வேண்டாம். டிக்கெட் வாங்கிய நான்தான் ஃபிளெக்ஸ் போட்டோ, தகவல் அறியும் உரிமைப் பதில், டிக்கெட் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா நிற்க வேண்டும். எந்தக் கணக்கு முறையிலும் இப்படிக் கிடையாது. பணம் யார் கையில் வந்ததோ அவர்தான் வவுச்சரைக் காட்ட வேண்டும் என்றுதான் நான் படித்தேன், வேலையிலும் அதைத்தான் செய்கிறேன்.

ஆறுதலாகச் சில விஷயங்களும் இருக்கின்றன. அவதூறுக்குப் போலீஸ் நேராக வந்து பிடித்துக்கொண்டு போக முடியாது, அந்த அமைப்பினர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆவது பிரிவுப்படி மாஜிஸ்திரேட் அந்தப் புகாரை எடுத்துக்கொள்ளும் முன்பே என் பக்கத்தையும் கேட்க வேண்டும். பழைய சட்டத்தில் இது இல்லை, நல்ல மாற்றம். 1994இல் நக்கீரன் பத்திரிகை ஆட்டோ சங்கர் வழக்கில் போராடி வாங்கிய தீர்ப்பு, நீதிமன்ற ஆவணங்கள் உட்பட பொது ஆவணங்களை அடிப்படையாக வைத்து எழுதுவதைத் தனியுரிமையின் பெயரால் ஆட்சேபிக்க முடியாது என்று சொல்கிறது. 2024 மார்ச்சில் புளூம்பெர்க் நிறுவனத்துக்கும் ஜீ நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், விசாரணைக்கு முன்பே ஒரு கட்டுரையை நீக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடுவதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. பணபலம் உள்ளவர்கள் பொதுமக்களின் வாயை அடைக்கப் போடும் வழக்குகளைப் பற்றியும் அதில் பேசியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020இல் ஒரு கனிம நிறுவனம் பத்திரிகை மேல் போட்ட வழக்கை ரத்து செய்தபோது, செய்தியில் சின்னத் தவறுகள் இருந்தாலே வழக்குத் தொடரக் காரணமாகிவிடாது என்றது.

இத்தனையும் படித்த பிறகு ஜெயிப்பேன் என்ற நம்பிக்கை வந்தது. ஆனால் ஜெயிப்பதற்குள் என்ன ஆகும்? நக்கீரனுக்குப் பின்னால் ஒரு பத்திரிகை இருந்தது, புளூம்பெர்குக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனமே இருந்தது. எனக்குப் பின்னால் மாதச் சம்பளமும் வீட்டுக் கடனும் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டுமென்றால் வக்கீல் செலவு, சம்மன் வந்துவிட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு, கிரிமினல் வழக்கு இருக்கிறதா என்று கேட்கும் ஒவ்வொரு படிவத்திலும் ஒரு தயக்கம்.

அந்த 50 லட்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே மாதிரி நோட்டீஸ் வாங்கிப் பயந்துபோய் இருக்கிற வேறு யாராவது இதைப் படிக்கலாம். நோட்டீஸில் 50 லட்சம் என்றும் எழுதலாம், 5 கோடி என்றும் எழுதலாம், எழுதுகிறவருக்குத் தபால் செலவும் வக்கீல் ஃபீஸும்தான். ஆனால் அதே தொகைக்கு உண்மையிலேயே வழக்குப் போட வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், அதாவது 50 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். எழுத்து மூல அவதூறுக்குச் சிவில் வழக்குப் போட ஒரு வருஷம்தான் காலக்கெடு. அதனால் பல நோட்டீஸ்கள் நோட்டீஸோடு நின்றுபோகும் என்று என் வக்கீல் சொல்கிறார். அதற்காக அலட்சியமாகக் குப்பையில் போட்டுவிடக் கூடாது, ஆவணங்களோடு நிதானமாக ஒரு பதில் அனுப்பி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அனுப்பிவிட்டேன்.

ஆனால் நோட்டீஸின் வேலை அது வந்து சேர்ந்த அன்றே முடிந்துவிட்டது, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் பதிவைப் பகிர்ந்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கில், வேறொருவர் எழுதியதைப் பகிர்ந்தவரும் பொறுப்புதான் என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னதும் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததும் ஊருக்கே தெரியும். அது பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவு, அந்தத் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கோ கடைக்காரருக்கோ அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? பகிர்ந்தால் மாட்டுவோம் என்பது மட்டும்தான் மனதில் நிற்கிறது. பின் அட்டை விளம்பரம் கொடுத்தவர் எனக்குப் போன் செய்து, "நீ கேட்டது சரிதாம்மா, ஆனா என் பேரை எங்கயும் சொல்லிடாதே" என்றார். அவர் கொடுத்தது நான் கொடுத்ததைவிடப் பல மடங்கு. அப்பாவோ, ஊர் வம்பு நமக்கு எதற்கு, போன பணம் போகட்டும் என்கிறார். என் கணவரின் அலுவலகத்துக்கே ஆள் வந்து "சொல்லி வையுங்க" என்று பேசிவிட்டுப் போனார்கள்.

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். கொஞ்ச நாளாக என்னிடம் தனியாகப் பேசுகிறவர்கள் வேறு வேறு ஊர்களிலிருந்து இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஓர் ஊரில் குழந்தைக்கு ஆபரேஷன் என்று ஓட்டப்பந்தயம், இன்னோர் ஊரில் முதியோர் இல்லத்துக்கு என்று நடன விழா. இல்லம் நடத்துகிறவருக்கு வந்தது ஒருநாள் சாப்பாடும் சால்வையும் போட்டோவும்தான். கேட்டால் வக்கீல் பேசுவார்.

நிகழ்ச்சி நடத்தச் செலவு ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகும். ஆர்கெஸ்ட்ராவுக்கு, மைக் செட்டுக்கு, மேடைக்கு, ஜெனரேட்டருக்கு எல்லாம் பணம் வேண்டும், சில சமயம் கையைக் கடிக்கவும் செய்யும். 2019 நவம்பரில் கொச்சியில் "கருணா" என்ற பெயரில் நடந்த இசை நிகழ்ச்சி நினைவிருக்கலாம். முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதிக்கு என்று அறிவிக்கப்பட்டது. பணம் போய்ச் சேரவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தெரியவந்து, 2020 பிப்ரவரியில் கேரளம் முழுக்கக் கேள்வி எழுந்தது. நடத்தியவர்கள் மோசடி எதுவும் இல்லை, செலவு வசூலைவிட அதிகம், டிக்கெட் பணத்தைத் தருவதாகத்தான் சொன்னோம் என்று விளக்கம் கொடுத்தார்கள், சுமார் 6 லட்சத்து 22 ஆயிரம் ரூபாயை நிவாரண நிதிக்கும் செலுத்தினார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பொதுவில் கேட்டார்கள், கணக்கும் பொதுவில் வந்தது, பணம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. என் ஊரில் கேள்விக்கு நோட்டீஸ்தான் வந்தது, இன்றுவரை கணக்கு வரவில்லை. செலவு போக மீதி என்று ஃபிளெக்ஸில் போட்டிருந்தால் எனக்கு இந்தக் கேள்வியில் பாதி இருந்திருக்காது. முழுவதும் என்று போட்டுத்தானே டிக்கெட் விற்றார்கள்?

இப்போது பதிவுத்துறைக்குச் சேர வேண்டிய பகுதி. தமிழ்நாட்டில் ஒருவர் அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், அதற்குப் பிறகு வருடா வருடம் அதன் வரவு செலவைப் பார்க்க மாநில அரசில் யாரும் இல்லை. சங்கமாகப் பதிவு செய்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், கோயில் என்றால் அறநிலையத்துறை இருக்கிறது. பொது அறக்கட்டளைக்கு அப்படி ஒரு கண் கிடையாது. வருமான வரித்துறைக்குத் தணிக்கை அறிக்கை போகும், நன்கொடை கொடுத்தவருக்கு வரிச் சலுகை தரும், 80ஜி என்று நாம் பழகிய அந்தப் பதிவு இருந்தால் நன்கொடையாளர் பட்டியலும் 2021-22ஆம் நிதியாண்டிலிருந்து போகிறது. ஆனால் அதெல்லாம் வரித்துறைக்கும் அறக்கட்டளைக்கும் நடுவில். டிக்கெட் வாங்கிய என் கண்ணில் படாது. மகாராஷ்டிராவில் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். பிள்ளையார் பந்தல் போட்டு வசூல் பண்ணுகிற மண்டலிகள்கூட அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். லண்டனில் இருக்கிற என் தோழி அங்கே ஓர் அமைப்புக்குக் காசு கொடுக்கும் முன் அறக்கட்டளை ஆணையத்தின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு வருடக் கணக்கைப் பார்க்கிறாள், கனடாவில் அந்த நாட்டு வருவாய்த்துறையே அந்தப் பட்டியலை வெளியிடுகிறது. சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுக் கொடுப்பது அங்கே பழக்கம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எனக்கு வேண்டியது பெரிய ஆணையம் எல்லாம் இல்லை. தர்ம காரியத்துக்கு என்று டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்கு எப்படியும் போலீஸ் அனுமதி வாங்குகிறார்கள். அந்த விண்ணப்பத்தோடு ஒரு தாள் கூடுதலாகக் கேளுங்கள். நடத்துகிற அமைப்பின் பதிவு எண், பணம் விழப்போகும் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பலன் பெறப்போகிற மருத்துவமனையோ இல்லமோ கொடுத்த ஒப்புதல் கடிதம், வசூல் முழுவதுமா அல்லது செலவு போக மீதியா என்ற உறுதிமொழி, அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்து இரண்டு மாதத்துக்குள் டிக்கெட், மலர் விளம்பரம், ஸ்பான்சர், உண்டியல் எல்லாம் சேர்த்து ஒரு பக்கக் கணக்கைப் பதிவுத்துறை இணையதளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாத அமைப்புக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு அனுமதி இல்லை. நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு இது ஒரு சாயங்கால வேலை. 2015 வெள்ளத்தின்போதும் 2018 கஜா புயலின்போதும் யார் யாரோ முகம் தெரியாத இளைஞர்கள் வாங்கிய ஒவ்வொரு போர்வைக்கும் பில்லைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள், அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் சேர்த்து வைத்த நம்பிக்கையில்தான் இப்போது இவர்கள் டிக்கெட் விற்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இரண்டாவது, வழக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2015இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பொது விஷயத்தில் பேசியதற்காக ஒருவர் மேல் வழக்கு வந்தால், அவர் ஆரம்பத்திலேயே நீதிமன்றத்தில் சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். தள்ளுபடியானால் அவருடைய செலவு முழுவதையும் பொதுவாக வழக்குப் போட்டவரே தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதே மாதிரி ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் மால்டா நாட்டுப் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா இருக்கிறார். 2017இல் அவர் கொலை செய்யப்பட்டபோது அவர் மேல் நாற்பதுக்கும் அதிகமான அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன.

இது மத்திய அரசின் சட்டம், மாநிலம் என்ன செய்ய முடியும் என்று உங்கள் அதிகாரிகள் குறிப்பு எழுதலாம். குற்றவியல் சட்டமும் உரிமையியல் நடைமுறையும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்க, இதே பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு நம் சட்டப்பேரவை திருத்தம் நிறைவேற்றியது. அதனால் முடியாது என்று சொல்ல இடமில்லை. 356ஐ மொத்தமாக எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. 2025 செப்டம்பரில் ஒரு வழக்கு விசாரணையில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரே, அவதூறைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று வாய்மொழியாகச் சொன்னார். அது டெல்லியில் நடக்கட்டும். பொதுமக்களிடம் வசூலித்த பணத்தின் கணக்கை ஆவணத்தோடு கேட்பது அவதூறு ஆகாது என்று ஒரு விளக்கத்தையும், இப்படிப்பட்ட வழக்குகளை முதல் கட்டத்திலேயே பரிசீலித்துத் தள்ளும் ஒரு நடைமுறையையும் நீங்கள் இங்கேயே கொண்டுவர முடியும்.

அதற்கு நாள் ஆகும் என்று தெரியும். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இந்த மாதிரி நோட்டீஸ் வந்தால் அங்கே போகலாம், முதல் பதிலை எழுத அவர்கள் உதவுவார்கள் என்று அரசு சார்பில் ஓர் அறிவிப்புக் கொடுங்கள். எனக்கு அது யாரோ சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் ஒரு வக்கீலுக்குப் பணம் கட்டிய பிறகு.

ஃபிளெக்ஸ் போட்டோ, டிக்கெட், க்யூஆர் கோடு, மருத்துவமனையின் பதில், எனக்கு வந்த நோட்டீஸ், நான் அனுப்பிய பதில் எல்லாவற்றின் நகலையும் தனியாக உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் பெயர்கள் இருக்கின்றன. அந்த அமைப்பு அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கத் தொடங்கிவிட்டது, இந்தத் தடவை பார்வையற்ற குழந்தைகளுக்காம். அதற்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் போன நிகழ்ச்சியின் கணக்கை ஒருமுறை கேட்டு வாங்கும்படி சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லுங்கள். நான் கேட்டால் நோட்டீஸ் வருகிறது, நீங்கள் கேட்டால் கணக்கு வரும்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் கருவிக்கு என்று டிக்கெட் வாங்கிய ஒரு பெண்